‘எந்த நிலத்திலுள்ள பயிரும்’: கல்வராயன் மலையில் காட்டுப்பன்றியும் சட்டமும்

கரியாலூர்ப் பக்கத்து மலைக் கிராமங்களிலிருந்து எங்களைத் தேடி வருபவர்கள் பெரும்பாலும் இரண்டு வகைக் காகிதங்களுள் ஒன்றைக் கையில் கொண்டு வருகிறார்கள். ஒன்று, காட்டுப்பன்றி அழித்த மரவள்ளிக்கு இழப்பீடு கேட்டுக் கொடுத்த மனு. பட்டா நகல் இணைக்கப்படவில்லை என்ற குறிப்போடு திரும்பி வந்திருக்கும். மற்றொன்று, அந்தப் பன்றிக்குச் சுருக்குக் கம்பி வைத்ததற்காகவோ, வீட்டில் நாட்டுத் துப்பாக்கி இருந்ததற்காகவோ போடப்பட்ட வழக்கின் முதல் தகவல் அறிக்கை. சில வீடுகளில் இரண்டும் இருக்கின்றன. பயிரைக் காப்பாற்றச் சட்டத்தின் வழியே கேட்டவருக்கு நிலம் இல்லை என்றும், சட்டத்துக்கு வெளியே முயன்றவருக்குச் சிறை என்றும் பதில் கிடைக்கிறது. இரண்டுக்கும் நடுவே சட்டம் உண்மையில் என்ன சொல்கிறது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு காட்டுப்பன்றிகளைக் கட்டுப்படுத்தும் நடைமுறையை அறிவித்தது. காப்புக்காட்டு எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் வரும் பன்றியைச் சுடக் கூடாது. ஒன்று முதல் மூன்று கிலோமீட்டருக்குள் வந்தால் கூண்டு வைத்துப் பிடித்துக் காட்டில் விட வேண்டும். மூன்று கிலோமீட்டரைத் தாண்டி வந்தால் பயிற்சி பெற்ற வனத்துறைப் பணியாளர் சுடலாம். இதற்குப் பரிந்துரைக்க ஊராட்சித் தலைவர், கிராம நிர்வாக அலுவலர், வனத்துறை அலுவலர் ஆகியோரைக் கொண்ட ஊர்க்குழு ஒன்று உண்டு. (அறிவிப்பு வந்த அதே மாதத்தின் முதல் வாரத்தில்தான் மாநிலத்தின் பெரும்பாலான மாவட்டங்களில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர்கள் அமர்த்தப்பட்டனர். 2021இல் தேர்தல் நடந்த கள்ளக்குறிச்சி அதில் விதிவிலக்கு.)

விவசாயச் சங்கங்களின் நீண்ட நாள் கோரிக்கைக்குக் கிடைத்த வெற்றி என்று இதைச் சமவெளியில் வரவேற்றார்கள். கல்வராயன் மலைமீது நின்று பார்த்தால் அதே விதி வேறு பொருள் தருகிறது. வெள்ளிமலையையும் கரியாலூரையும் சுற்றியுள்ள சிற்றூர்களில் மிகப் பல, காப்புக்காட்டின் விளிம்பிலோ நடுவிலோ இருப்பவை. காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டர் தள்ளிப் போனால் அடுத்த காடு வந்துவிடும். ஆகவே இம்மலையின் சாமைக் கொல்லையும் மரவள்ளிக் காடும் மக்காச்சோளமும் ஏறத்தாழ முழுவதும் முதல் வளையத்துக்குள் அடங்கிவிடுகின்றன. அதாவது எந்தத் தீர்வும் இல்லாத வளையத்துக்குள். இரண்டாம் வளையத்தில் பிடிபடும் பன்றியைக் காட்டில் விடச் சொல்கிறார்களே, கோமுகி அணைக்குக் கீழே பிடித்த பன்றியை எந்தக் காட்டில் விடுவார்கள்? சமவெளியின் தொல்லைக்கான தீர்வு மலையின் தொல்லையைக் கூட்டுவதாகிவிடக் கூடும்.

தொலைவை அளந்து உரிமை வழங்கும் இந்த முறை, மூலச் சட்டத்தில் இல்லை. 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் 9ஆம் பிரிவு வேட்டையைத் தடை செய்கிறது. 2022ஆம் ஆண்டுத் திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தபின் காட்டுப்பன்றி இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. அந்த அட்டவணையைச் சேர்ந்த விலங்குகளுக்கு 11ஆம் பிரிவின் (1)(ஆ) உட்பிரிவு ஒரு வழியைத் திறந்து வைத்திருக்கிறது. விலங்கு மனித உயிருக்கோ உடைமைக்கோ ஆபத்தாகிவிட்டால், தலைமை வனவுயிர்க் காப்பாளரோ அவரால் அதிகாரம் அளிக்கப்பட்ட அலுவலரோ, காரணங்களை எழுத்தில் பதிந்து, அதை வேட்டையாட எவருக்கும் அனுமதி தரலாம். உடைமை என்பதில் ‘எந்த நிலத்திலும் உள்ள நிற்கும் பயிர்’ அடங்கும் என்று அடைப்புக்குறிக்குள் சட்டமே சேர்த்துச் சொல்கிறது. பட்டா நிலம் என்று சொல்லவில்லை. காட்டிலிருந்து இத்தனை கிலோமீட்டர் என்றும் சொல்லவில்லை. எந்த நிலமும் என்றால், வன உரிமை கோரி மனுக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கும் பழங்குடிப் பெண்ணின் ஒரு ஏக்கர் சாமையும் அதில் அடங்கும். அரசின் நடைமுறை விதி அந்த விரிவைச் சுருக்கியிருக்கிறது என்பதே எங்கள் வாதம்.

பட்டா ஏன் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். இம்மலை சுதந்திர இந்தியாவிலும் நெடுங்காலம் மூன்று ஜாகீர்தார்களின் பிடியில் இருந்தது. 1976இல்தான் முழுமையாக அரசின் நேரடி நிர்வாகத்துக்குள் வந்தது. ஜாகீர்தாருக்கு வரி கட்டி உழுதவரிடம் அரசு ஏற்கும் ஆவணம் இருக்கவில்லை. பலரது உழவு நிலம் வனத்துறையின் கணக்கில் காடானது. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் இந்த அநீதியைத் திருத்த வந்தது. தமிழ்நாட்டிலோ, 2008இல் சென்னை உயர் நீதிமன்றம் பிறப்பித்த இடைக்கால ஆணையால் உரிமைப் பத்திரம் வழங்குவது தடைப்பட்டு, 2016இல் உச்ச நீதிமன்றம் அதை நீக்கும்வரை ஏறத்தாழ எட்டாண்டுகள் வீணாயின. அந்த எட்டாண்டுகளிலும் பன்றி ஓய்வெடுக்கவில்லை.

மற்றொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுவோம். வன உரிமைச் சட்டத்தின் 3(1) பிரிவு சிறுவன மகசூல், மேய்ச்சல், மீன் என்று பலவற்றை உரிமையாக ஏற்கிறது. ஆனால் வேட்டையாடும் மரபுரிமையைப் பெயர் சொல்லி விலக்கி வைக்கிறது. எனவே ‘எங்கள் முன்னோர் வேட்டையாடினார்கள்’ என்ற வாதம் நீதிமன்றத்தில் நிற்காது. கண்ணி வைப்பது, பொறி வைப்பது, வேட்டைக்காக விலங்கை விரட்டுவது எல்லாமே சட்டத்தின் பார்வையில் வேட்டைதான். தண்டனை மூன்றாண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அனுமதி பெற்றுக் கொன்றாலும் 39ஆம் பிரிவின்படி உடல் அரசின் சொத்து. இறைச்சியைத் தொட்டால் அது தனிக் குற்றம்.

துப்பாக்கி விஷயத்தில் சட்டம் சொல்வது பலருக்கு வியப்பாக இருக்கும். 1959ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டத்தின் 13(3) பிரிவு, உண்மையான பயிர்ப் பாதுகாப்புக்காகக் குழல்வாய் வழி மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்கு இந்தியக் குடிமகன் விண்ணப்பித்தால் உரிமம் வழங்க வேண்டும் என்கிறது. கல்வராயன் மலையில் காவல்துறை வீடு வீடாகத் தேடிப் பறிமுதல் செய்வது பெரும்பாலும் அந்த வகைத் துப்பாக்கியைத்தான். 14(2) பிரிவு மேலும் ஒரு படி போய், போதிய சொத்து இல்லை என்ற ஒரே காரணத்துக்காக எவருக்கும் உரிமம் மறுக்கக் கூடாது என்கிறது. உரிமம் பெற்றாலும் 11ஆம் பிரிவின் அனுமதியின்றிப் பன்றியைச் சுட முடியாது என்பது வேறு செய்தி. ஆனால் சட்டம் உழவனின் கருவியாகக் கருதிய ஒன்று, பழங்குடியின் கையில் இருக்கும்போது மட்டும் குற்றவாளியின் அடையாளமாகிறது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியின் கருணாபுரத்தில் நச்சுச் சாராயம் 60க்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தபின், மலைமக்கள் அனைவரையுமே சாராயம் காய்ச்சுபவர்களாகப் பார்க்கும் பார்வை இன்னும் கூர்மையானது. அதே ஆண்டில் சென்னை உயர் நீதிமன்றம் இம்மலைமக்களின் வாழ்நிலையைத் தானே முன்வந்து வழக்காக எடுத்துக்கொண்ட பிறகுதான், சாலையும் மருத்துவமும் பள்ளியும் அங்கு இல்லை என்பது வெளியே பேசப்பட்டது.

அப்படியானால் நில உடைமையாளரே சுட்டுக்கொள்ளட்டும் என்று விட்டுவிடலாமா? அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம் 2019இல் அதைத்தான் செய்தது. நிலத்துக்காரர் சம்மதித்தால் போதும், வேட்டை உரிமம் இல்லாமலே அவர் நிலத்தில் பன்றியைச் சுடலாம். அங்கு அது ஐரோப்பியர் கொண்டுவந்து காடேறிய வந்தேறி இனம். இங்கு அது மண்ணின் விலங்கு, சிறுத்தைக்கு இரை. அதைவிடப் பெரிய வேறுபாடு, நிலமும் துப்பாக்கியும் இங்கே யாரிடம் இருக்கின்றன என்பது. ஆதிக்கச் சாதியினரின் கரும்புத் தோட்டத்து வரப்பில் விடியற்காலையில் நடந்து போகிறவர் சேரியின் கூலித் தொழிலாளி. அந்தத் தோட்டத்தில் இரவெல்லாம் சுடும் உரிமையை நில உடைமையோடு சேர்த்து வழங்குவதை நாங்கள் ஏற்க மாட்டோம். கேரளம் 2022இல் சுடும் உத்தரவிடும் அதிகாரத்தை உள்ளாட்சித் தலைவர்களிடம் அளித்தது. அதிலும் குறைகள் உண்டு. ஆனால் அது தனிமனித உடைமையிடம் அல்லாமல் மக்கள் தேர்ந்தெடுத்த அமைப்பிடம் தரப்பட்ட அதிகாரம்.

இந்த அச்சம் கற்பனையன்று. மின்வேலி அதை நாள்தோறும் நிகழ்த்திக் காட்டுகிறது. 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஹள்ளி அருகே, பன்றிக்காகத் திருட்டுத்தனமாக இழுத்த மின்கம்பியில் மூன்று யானைகள் மாண்டன. நாடே பேசியது. அதே ஆண்டில் மின்வேலிகளைப் பதிவு செய்து ஒழுங்குபடுத்த மாநில அரசு விதிகள் இயற்றியது. ஆனால் அதே போன்ற கம்பிகளில் இரவுப் பாசனத்துக்குப் போனவரும், எலி பிடிக்கப் போனவரும், கழிப்பறை இல்லாததால் வயலோரம் ஒதுங்கியவரும் இறக்கும்போது, அது பெரும்பாலும் உள்ளூர்ப் பக்கத்தில் ஒரு பத்திச் செய்தியாக முடிந்துவிடுகிறது. காவல் நிலையத்தில் முதலில் எழுதப்படுவது சந்தேக மரணம் என்றுதான். சில வழக்குகளில் உடல் வேறிடத்துக்கு இழுத்துப் போடப்பட்டிருக்கும். கம்பி சுருட்டி ஒளிக்கப்பட்டிருக்கும்.

கொக்கி போட்டு எடுத்த நேர் மின்சாரத்தைத் திறந்த கம்பியில் விடுபவருக்கு, அதைத் தொடுபவர் சாவார் என்பது தெரியும். எனவே இத்தகைய இறப்பில் பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆம் பிரிவோடு, அதாவது கவனக்குறைவோடு, நிறுத்திக்கொள்ள அனுமதிக்கக் கூடாது. கொலையாகாத மரணம் விளைவித்தலுக்கான 105ஆம் பிரிவையும், மின்சாரச் சட்டத்தின் 135ஆம் பிரிவையும் சேர்க்கக் கோர வேண்டும். இறந்தவர் பட்டியல் சாதியினரோ பழங்குடியினரோ என்று அறிந்தே தடயத்தை மறைத்திருந்தால், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(2)(vi) பிரிவைப் பரிசீலிக்க வேண்டும். ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் ஒரு தொகை பேசி முடிப்பது வழக்கமாகிவிட்டது. பணம் வாங்கிய குடும்பத்தை நாங்கள் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தப் பேச்சு, உடற்கூறாய்வுக்கும் முதல் தகவல் அறிக்கைக்கும் மாற்றாகாது.

மலையில் இன்று செய்யக்கூடியது என்ன? பழஞ்சேலை வேலியும் தகர ஒலியும் பரண் காவலும் தொடரத்தான் போகின்றன. ஆனால் ஒரு குடும்பம் இரவு முழுதும் விழித்துக் காக்க முடிகிற நிலத்துக்கு எல்லை உண்டு. கிராம சபையில், எந்தச் சிற்றூரில், எந்தப் பயிர், எத்தனை இரவுகளில் அழிந்தது என்ற விவரத்தோடு தீர்மானம் நிறைவேற்றலாம். வன உரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவு வனவுயிரைக் காக்கும் பொறுப்பையே கிராம சபைக்குத் தந்திருக்கும்போது, வனவுயிரால் வரும் இழப்பைப் பேச அதற்கு உரிமை இல்லை என்று எவரும் சொல்ல முடியாது. அந்தத் தீர்மானத்தை இணைத்து, 11(1)(ஆ) பிரிவைக் குறிப்பிட்டு மாவட்ட வன அலுவலருக்கும் தலைமை வனவுயிர்க் காப்பாளருக்கும் மனுச் செய்ய வேண்டும். மறுத்தால் மறுப்பை எழுத்தில் கேட்க வேண்டும். எழுத்தில் வந்த மறுப்பைத்தான் உயர் நீதிமன்றத்தில் கேள்விக்கு உட்படுத்த முடியும்.

இழப்பீட்டு மனுவுக்குப் பட்டா கேட்டால், வன உரிமைக் கோரிக்கையின் ஒப்புகைச் சீட்டைச் சேர்த்துக் கொடுங்கள். அந்தச் சட்டத்தின் விதிகள் பெரியவர்களின் எழுத்து வாக்குமூலத்தையும், பழைய கல்வரப்பு, கிணறு, இடுகாடு போன்ற நிலத்தின் அடையாளங்களையும் சான்றாக ஏற்கின்றன. கோரிக்கை முடிவாகும்வரை நிலத்திலிருந்து வெளியேற்றக் கூடாது என்று அதன் 4(5) பிரிவு சொல்கிறது. பன்றி உழுத கொல்லையை அன்றைய காலையிலேயே கைப்பேசியில் படமெடுங்கள். குளம்புத் தடம் தெரியும்படி, அருகில் ஓர் ஆளை நிறுத்தி எடுப்பது நல்லது. மனுவை வனச்சரக அலுவலகத்தில் கொடுத்துவிட்டு வாய்மொழி உறுதியோடு திரும்பாமல், முத்திரையும் தேதியும் இட்ட நகலை வாங்கி வாருங்கள்.