ஃபைபர் இணைப்புக்குச் சொந்த மோடம்... வாங்கும் முன் இதைக் கவனிங்க!

வைகை பிறக்கும் வருசநாட்டு மலைப்பகுதியிலும் இன்று படிப்பு, தேர்வு விண்ணப்பம், பணப்பரிமாற்றம் என எல்லாவற்றுக்கும் இணையம் வேண்டும். தமிழகத்தின் 12,525 ஊராட்சிகளையும் கண்ணாடி இழை கேபிளால் இணைப்பதே அரசின் டான்ஃபிநெட் நிறுவனத்தின் திட்டம். சரி, கேபிள் வீட்டுக்கு வந்ததும் மோடத்துக்கு வாடகை கட்டுவதா, சொந்தமாக வாங்குவதா?

பி.எஸ்.என்.எல் ஃபைபரில் சொந்த மோடம் பயன்படுத்தலாம். ஆனால், சாதாரண வைஃபை ரவுட்டர் மட்டும் போதாது. ஒளி சிக்னலை இணையமாக மாற்றும் 'ஓ.என்.டி' தேவை. அதில் ஜிபான், இபான் என இரு வகை உண்டு. வகை மாறினால் வேலை செய்யாது. இரண்டுக்கும் பொருந்துவது 'எக்ஸ்பான்'. உங்கள் ஊரில் எது என்று லைன்மேனிடம் கேட்டுவிட்டுப் பணம் கொடுங்கள்.

வாங்கியபின் மோடத்தின் சீரியல் எண்ணை நிறுவனத்தில் பதிய வேண்டும். பிறகு யூசர்நேம், பாஸ்வேர்டு, விலான் எண்ணை மோடத்தில் பதிவிட வேண்டும். லேண்ட்லைனும் வேண்டுமென்றால் போன் போர்ட் உள்ளதைப் பார்த்து வாங்குங்கள்.

'லாஸ்' என்ற சிவப்பு விளக்கு எரிந்தால் பெரும்பாலும் கேபிளில்தான் கோளாறு. அதற்காகப் புது மோடம் வாங்கிவிடாதீர்கள்!

இடி மின்னலின்போது அடாப்டரைக் கழற்றிவிடுங்கள். கண்ணாடி இழையில் மின்சாரம் பாயாது. கரன்ட் லைன் வழியாகத்தான் மோடம் கருகும். சொந்த மோடம் என்றால் அந்தச் செலவும் உங்களுடையதுதான்!