கலைஞர்கள் தங்கும் வீடு, ஊருக்கே தண்ணீர் தரும் கூரை: செனகல் கிராமத்தில் நடந்தது என்ன?

'வேலையை விட்டுட்டு ஊர்ப்பக்கம் ரெண்டு ஏக்கர் வாங்கணும். ஓவியர்கள், எழுத்தாளர்கள் வந்து தங்குற மாதிரி ஒரு இடம் கட்டணும்.' ஐடி அலுவலக கேன்டீன்களில் அடிக்கடி காதில் விழும் கனவு இது. மண் சுவர், மூங்கில் கூரை, சோலார் பேனல் என்று படமும் மனசுக்குள் சட்டென வந்துவிடும். ஆனால் ஒரு கேள்வி மட்டும் பெரும்பாலும் விட்டுப்போகும்: அந்தக் கட்டடத்தால் அந்த ஊருக்கு என்ன பிரயோஜனம்?

இந்தக் கேள்விக்குக் கூரையிலேயே பதில் வைத்திருக்கும் ஒரு கட்டடம் மேற்கு ஆப்பிரிக்க நாடான செனகலில் இருக்கிறது. அதன் பெயர் 'த்ரெட்'.

எங்கே இருக்கிறது?

செனகலின் தென்கிழக்கில், தாம்பாகுண்டா பகுதியில் உள்ள கிராமம் சிந்தியான். தலைநகர் டாக்கரிலிருந்து 400 கிலோமீட்டருக்கும் மேல் உள்ளே போக வேண்டும். ஏப்ரல், மே மாதங்களில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். மழை ஏறக்குறைய ஜூன் முதல் அக்டோபர் வரை மட்டும்தான். மீதி மாதங்கள் வறட்சி.

இங்கே 2015-ல் திறக்கப்பட்டது த்ரெட். பணம் கொடுத்தது ஜோசப் - ஆனி ஆல்பர்ஸ் அறக்கட்டளை. ஜோசப் ஓவியர், ஆனி நெசவுக் கலைஞர். இருவரும் ஜெர்மனியின் புகழ்பெற்ற பாஹாஸ் கலைப் பள்ளியிலிருந்து 1933-ல் அமெரிக்கா சென்ற தம்பதி. கட்டடத்தை வடிவமைத்தவர் ஜப்பானில் பிறந்து நியூயார்க்கில் பணியாற்றும் டோஷிகோ மோரி. இதற்காக அவர் கட்டணம் வாங்கவில்லை.

கவனிக்க வேண்டிய விஷயம், அறக்கட்டளையோடு தொடர்புடைய 'லே கோர்சா' அமைப்பு முதலில் கலையோடு அந்த ஊருக்குள் போகவில்லை. அங்கிருந்த மருத்துவ மையத்துக்கு உதவத்தான் போனது. ஊரோடு பழக்கம் ஏற்பட்ட பிறகுதான் கலை மையம் வந்தது.

கூரையில் என்ன விசேஷம்?

சாதாரண ஓட்டு வீட்டை நினைத்துப் பாருங்கள். கூரை நடுவில் உயர்ந்து, ஓரங்களில் தாழ்ந்திருக்கும். மழைத்தண்ணீர் வெளியே கொட்டி மண்ணோடு போய்விடும். மோரி அதை அப்படியே தலைகீழாகத் திருப்பினார். த்ரெட்டின் கூரை உள்நோக்கிச் சரிகிறது. அதில் விழும் மழை வழிந்தோடி, சேமிப்புத் தொட்டிகளுக்குப் போகிறது. கிராமத்தினரின் வீட்டு உபயோகத் தண்ணீரில் சுமார் 40 சதவீதத்தை இந்தக் கூரையால் பிடித்துத் தர முடியும் என்பது வடிவமைப்பாளர்களின் கணக்கு.

இது வானத்திலிருந்து குதித்த யோசனை இல்லை. செனகலின் தெற்கே காசமான்ஸ் பகுதியில், ஜோலா மக்களின் பழைய வட்ட வீடுகளும் மழையை நடு முற்றத்துக்கே வரவழைப்பவைதான். செட்டிநாட்டு வீடுகளைப் பார்த்தவர்களுக்கும் சட்டெனப் புரியும். அங்கேயும் நாலு பக்கக் கூரையும் முற்றத்தை நோக்கிச் சரியும், அந்தத் தண்ணீரை அண்டா வைத்துப் பிடிப்பார்கள்.

யார் கட்டினார்கள்?

மூங்கில், செங்கல், புல் வேய்ந்த கூரை. எல்லாம் அந்தப் பகுதியில் பழக்கமான பொருள்கள். கட்டியதும் ஊர்க்காரர்களே. சுவர்களில் இடைவெளி விட்டுச் செங்கல் அடுக்கியிருப்பதால் காற்று உள்ளே வந்து போகும், ஏசி தேவைப்படாது.

இங்கேதான் பலரும் தப்புக் கணக்குப் போடுகிறார்கள். மூங்கிலைச் சரியாகப் பதப்படுத்தாவிட்டால் பூச்சி அரித்துவிடும். புல் கூரையைச் சில வருஷங்களுக்கு ஒருமுறை மாற்றி வேய வேண்டும். அதற்கு ஆளை நகரத்திலிருந்து கூட்டிவந்தால், 'இயற்கை வீடு' என்பது செலவு வீடாக மாறிவிடும். கட்டத் தெரிந்த கை ஊரிலேயே இருந்தால், பழுது பார்க்கும் கையும் அங்கேயே இருக்கும்.

கலைஞர் இல்லாத நாளில் என்ன நடக்கும்?

த்ரெட்டில் கலைஞர்கள் தங்கி வேலை செய்ய இருப்பது இரண்டே குடியிருப்புகள். மீதி இடமெல்லாம் பொது. அங்கே கூட்டம் நடக்கும், வகுப்பு நடக்கும், சந்தை கூடும், ஆட்டம் பாட்டம் நடக்கும். கூரை தரும் தண்ணீரை வைத்துக் காய்கறி பயிரிடுகிறார்கள், விவசாயப் பயிற்சியும் உண்டு. வெளிநாட்டு ஓவியர் யாரும் வராத மாதத்திலும் கட்டடம் பூட்டிக் கிடக்காது. ஊருக்கு அது 'அவங்க இடம்' இல்லை, 'நம்ம இடம்'.

செலவுக்கு என்ன வழி?

த்ரெட்டுக்குப் பின்னால் ஒரு அறக்கட்டளை இருக்கிறது. எல்லோருக்கும் அது வாய்க்காது. இந்தச் சிக்கலுக்கு வேறு ஒரு பதில் சென்னைக்குப் பக்கத்திலேயே கிடைத்தது. 1966-ல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமம் உருவானது. ஓவியம் மட்டும் விற்றுப் பிழைக்க முடியாது என்று தெரிந்திருந்ததால், கலைஞர்கள் பத்திக் துணி போன்ற கைவினைப் பொருள்களைச் செய்து விற்றார்கள். அந்தப் பணத்தில் நிலம் வாங்கினார்கள், வீடுகளையும் தாங்களே கட்டிக்கொண்டார்கள். அன்று அது கடலோரக் கிராமம். இன்று ஈசிஆர் நெடுக நகரம் வளர்ந்துவிட்டது. ஓவியர் கிராமம் இன்னும் அங்கேதான் இருக்கிறது.

நம்ம ஊரில் கூரை எவ்வளவு தரும்?

ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் தண்ணீர். சென்னையில் ஆண்டுக்குச் சராசரியாகச் சுமார் 1,400 மி.மீ. மழை. 100 சதுர மீட்டர் கூரை என்றால் 1,40,000 லிட்டர். ஆவியாவது, வழிவது என்று 20 சதவீதத்தைக் கழித்தாலும் 1,12,000 லிட்டர் மிஞ்சும். ஜல் ஜீவன் திட்டத்தின் கிராமப்புற அளவு ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர். அப்படிப் பார்த்தால் ஐந்து பேருக்கு ஒரு வருஷத் தண்ணீர்!

ஆனால் மழையில் பெரும்பகுதி சில மாதங்களில் கொட்டித் தீர்த்துவிடும். அதனால் கூரைக்குச் செலவழிப்பது போலவே தொட்டிக்கும் செலவழிக்க வேண்டும். தமிழ்நாட்டில் 2003-லேயே மழைநீர் சேகரிப்பு எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாகிவிட்டது. அதைச் சட்டத்துக்காக ஒரு குழாயோடு முடிப்பதா, கட்டடத்தின் மையமாகவே வைப்பதா என்பதுதான் வித்தியாசம்.

கனவு இருக்கிறதா? வரைபடத்துக்கு முன் 4 கேள்விகள்

1. இந்த ஊரில் எதற்குத் தட்டுப்பாடு? தண்ணீரா, நிழலா, பிள்ளைகள் படிக்க இடமா? கட்டடம் அதில் எதைத் தரும்?

2. கூரை பழுதானால், அதைச் சரிசெய்யத் தெரிந்தவர் ஊரில் இருக்கிறாரா?

3. கலைஞர்கள் யாரும் தங்காத ஆறு மாதம் இங்கே யார் வருவார்கள்?

4. நன்கொடை நின்றுபோனால், மாதச் செலவு எங்கிருந்து வரும்?

நாலுக்கும் பதில் ஊர்க்காரர்களிடம்தான் கிடைக்கும். அதனால் ஆர்க்கிடெக்ட்டைப் பார்ப்பதற்கு முன்னாடி, ஊர் டீக்கடையில் நாலு நாள் உட்கார்ந்து பேசுவது நல்லது.