பிஸ்டன் வளைய முனை இடைவெளி

பிஸ்டன் வளைய முனை இடைவெளி என்பது, உருளைக்குள் இருக்கும் பிஸ்டன் வளையத்தின் இரு முனைகளுக்கும் நடுவே விடப்படும் சிறு இடைவெளி ஆகும். பட்டறைகளில் இதை ரிங் கேப் என்பர்.

தமிழ்நாட்டின் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாட்கள், விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை உண்டு. தூத்துக்குடியில் படகுகளின் டீசல் என்ஜின்களைப் பிரித்துச் சீரமைக்க ஏற்ற காலம் இதுவே. தடை முடிந்து மன்னார் வளைகுடாவுக்குள் சென்றபின் என்ஜின் இறுகி நின்றால் ஓரங்கட்டச் சாலை இல்லை. வேறொரு படகு வந்து கட்டி இழுக்க வேண்டும்.

இடைவெளி ஏன் தேவை? 100 மி.மீ. விட்டமுள்ள உருளையில் வளையத்தின் சுற்றளவு ஏறத்தாழ 314 மி.மீ. வார்ப்பிரும்பின் நீள்விரிவுக் குணகம் பாகை செல்சியசுக்கு ஏறத்தாழ 0.000011. உருளைச் சுவரைவிட வளையம் 100 பாகை கூடுதலாகச் சூடேறினால், 314 × 0.000011 × 100 = 0.35 மி.மீ. கூடுதலாக நீளும். (பத்தாம் வகுப்பு மாணவரே போடக்கூடிய கணக்குதான்.) அதற்கு இடமில்லையெனில் முனைகள் முட்டும், வளையம் சுவரை அழுத்திக் கீறும், உடையவும் கூடும். விட்டத்தில் ஆயிரத்தில் நான்கு பங்கு என்ற பழைய பட்டறைக் கணக்கு 0.40 மி.மீ. தருகிறது. ஆனால் என்ஜின் தயாரிப்பாளரின் கையேட்டில் உள்ள அளவே முடிவானது.

அளக்க, வளையத்தை மட்டும் உருளைக்குள் வைத்து, பிஸ்டனைத் தலைகீழாக்கிச் சமமாகத் தள்ளி, ஃபீலர் கேஜ் நுழைத்துப் பார்க்க வேண்டும். எந்த இடத்தில் அளப்பது என்பதில்தான் கவனம் தேவை. ஓடிய லைனர் மேற்பகுதியில் அதிகம் தேய்ந்திருக்கும். விட்டம் 0.1 மி.மீ. கூடினால் இடைவெளி 0.31 மி.மீ. கூடும். எனவே மேலே 0.40 என்று வைத்த வளையம், தேயாத கீழ்ப்பகுதிக்கு இறங்கும்போது 0.09 மட்டுமே பெறும். சூட்டில் அது போதாது. ஆகவே வளையம் ஓடும் பகுதியின் தேய்மானம் குறைந்த அடிப்புறத்தில் அளக்க வேண்டும். புது லைனருக்கு இந்தச் சிக்கல் இல்லை.

இடைவெளி குறைவாயின் முனையை மெல்லிய அரத்தால் வெளிப்புறத்திலிருந்து உள்நோக்கி மட்டும் தேய்த்து, பிசிறு நீக்க வேண்டும். எதிர்த்திசையில் தேய்த்தால் குரோமியப் பூச்சு பெயரும். மிகையாயின் எரிவாயு கீழே கசிந்து, ஆற்றல் குறைந்து, எண்ணெய் செலவு கூடும். அதற்கு வேறு வளையம்தான் வழி. கூடுதல் தேய்ப்பைத் திருத்த இயலாது என்பதால் அடிக்கடி அளந்து பார்ப்பதே நல்லது.

மாட்டும்போது மூன்று வளையங்களின் வாய்களையும் 120 பாகை இடைவிட்டு வைப்பர். ஓட்டத்தில் வளையங்கள் தாமே மெல்லச் சுழலும் என்பதால் இந்நிலை நிரந்தரமன்று.