நாடித் துடிப்பும் சர்க்கரையும்: வணிகர்கள் கவனிக்க வேண்டியவை



செங்குன்றம் அரிசி மண்டியானாலும், கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கத்து மளிகைக் கடையானாலும் நம் பிழைப்பு ஒன்றுதான். ஷிப்டுக்குப் போகிறவர்களுக்காக விடியற்காலையில் கடை திறக்கிறோம். கடைசி ஆள் போன பிறகே சாத்துகிறோம். இடையில் கல்லாவை விட்டு எழுவதில்லை. மதியச் சாப்பாடு மூன்று மணிக்கு. டீக்குக் கணக்கே இல்லை.

எனக்குத் தெரிந்த மொத்த வியாபாரி ஒருவருக்கு, கிடங்குப் படி ஏறினால் படபடப்பு வரும். உட்கார்ந்த பிறகும் வெகுநேரம் அடங்காது. நெஞ்சு வலி இல்லாததால் வயதுக் கோளாறு என்று விட்டுவிட்டார். ஒருநாள் வியர்த்துக் கொட்டி, ஈ.சி.ஜி. எடுத்தபோது, மாரடைப்பு ஏற்கெனவே ஒருமுறை வந்து போயிருப்பது தெரிந்தது. தமக்குச் சர்க்கரை இருப்பதும் அன்றுதான் அவருக்குத் தெரியும்.

இது எப்படி நேருகிறது? உடல் உழைக்கும்போது இதயம் வேகமாகத் துடிக்கிறது. உழைப்பு நின்றதும் மூளையிலிருந்து வரும் வேகஸ் என்னும் நரம்பு பிரேக் போட்டு, முதல் நிமிடத்திலேயே துடிப்பை இறக்குகிறது. இரத்தத்தில் சர்க்கரை பல ஆண்டுகள் மிகுந்திருந்தால் இதயத்தின் நரம்புகள் கெடுகின்றன. பிரேக் பிடிப்பதில்லை. வலியைச் சொல்லும் நரம்பும் மழுங்குவதால், சிலருக்கு வலியில்லாமலே மாரடைப்பு வருகிறது.

அமெரிக்காவின் கிளீவ்லண்ட் கிளினிக் மருத்துவர்கள் 2,428 பேரை டிரெட்மில்லில் நடக்கவைத்து, ஏறத்தாழ 6 ஆண்டுகள் கவனித்து, 1999-ல் முடிவை வெளியிட்டனர். நடை முடிந்த முதல் நிமிடத்தில் துடிப்பு 12 அல்லது அதற்கும் குறைவாகவே இறங்கியவர்களுக்கு, வயது முதலியவற்றைக் கழித்துப் பார்த்தாலும், மரண அபாயம் சுமார் இரு மடங்கு. 2002-ல் வெளியான வேறோர் ஆய்வில், வெறும் வயிற்றுச் சர்க்கரை நோய் அளவை எட்டுமுன்பே இந்த இறக்கம் மந்தமாவது தெரிந்தது.

நாமும் பார்க்கலாம். வேகமாக நடந்து நின்றவுடன், மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கம் நாடியைப் பிடித்து 15 விநாடி எண்ணி, 4-ஆல் பெருக்குங்கள். ஒரு நிமிடம் கழித்து மீண்டும் எண்ணுங்கள். இது தோராயக் கணக்கே. ஒரு துடிப்பு தவறினால் 4 வித்தியாசம் வரும். இரத்த அழுத்தத்துக்கான சில மாத்திரைகள் சாப்பிடுவோருக்கு இது பொருந்தாது. பலமுறை பார்த்தும் நாடி இறங்கத் தாமதமானால் மருத்துவரிடம் சொல்லுங்கள். நெஞ்சு இறுக்கமோ மூச்சுத் திணறலோ உள்ளவர்கள் இதைச் செய்துபார்க்காமல் நேரே மருத்துவரிடம் போகவேண்டும்.

நாடி நன்றாக இறங்கினாலும் சர்க்கரைப் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது. வெறும் வயிற்றில் 100-க்குக் கீழ் இருந்தால் சரி. 100 முதல் 125 வரை எல்லைக்கோடு. 126-ம் அதற்கு மேலும் மறுபரிசோதனையிலும் வந்தால் சர்க்கரை நோய். அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசமாகவே பார்க்கிறார்கள்.

எல்லைக்கோட்டில் இருப்பவர்கள் மனம் தளர வேண்டாம். சென்னை மருத்துவர் ஏ. இராமச்சந்திரன் குழுவினர் அப்படிப்பட்ட 531 பேரை வைத்து நடத்திய ஆய்வு 2006-ல் வெளியாயிற்று. உணவுக் கட்டுப்பாடும் நடையும் மட்டுமே, நோய் வரும் அபாயத்தை 3 ஆண்டுகளில் நூற்றுக்கு 28 பங்கு குறைத்தன. நடக்கும்போது தசைகள் இரத்தச் சர்க்கரையை எடுத்துச் செலவழிக்கின்றன. தொடர்ந்து நடந்தால் நாடியும் சீக்கிரம் இறங்கப் பழகும்.

ஆகவே தினம் அரைமணி நேரம் நடப்போம். முடியாதவர்கள், சாப்பாட்டுக்குப் பின் கல்லாவைப் பையனிடம் விட்டு, 15 நிமிடம் கடைத்தெருவில் நடந்து வரலாம். இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்டு நடக்கவும். சட்டைப்பையில் கொஞ்சம் சர்க்கரை இருக்கட்டும்.

சரக்கு இருப்பை மாதந்தோறும் பார்க்கிற நாம், உடம்பின் இருப்பையும் பார்க்கவேண்டும். சுவர் இருந்தால்தான் சித்திரம்.