வெறும் தலைவலிதானா?

மார்பில் கட்டி வந்து ஆபரேஷன் செய்துகொண்ட அக்கா ஒருவர் உங்கள் லயத்தில் இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வருஷம் நன்றாக இருந்தார். இப்போது காலையில் எழுந்தால் தலைவலி, வாந்தி. பார்ப்பதெல்லாம் இரண்டிரண்டாகத் தெரிகிறது. "பித்தம்தான், இஞ்சிச் சாறு குடிச்சா சரியாப் போயிடும்" என்கிறார்கள் பக்கத்து வீட்டில். அப்படி விட்டுவிடாதீர்கள்.

மூளையையும் முதுகுத் தண்டையும் மெல்லிய உறை மூடியிருக்கிறது. அதற்குள் தெளிந்த நீர் ஓடுகிறது. பெரியவர்களுக்கு ஏறக்குறைய 150 மில்லி லிட்டர். மார்பு, நுரையீரல் புற்றுநோய்களின் அணுக்கள் சில சமயம் இந்த நீரில் இறங்கி, ஓட்டத்தோடு போய் அங்கங்கே ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் ஒரே ஆளுக்குத் தலைவலி, முகக் கோணல், கால் மரத்துப் போவது, சிறுநீர் அடக்க முடியாமை என்று ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத தொல்லைகள் வருகின்றன.

கிளினிக்கில் முதலில் சொல்ல வேண்டியது: "டாக்டர், எனக்கு முன்னே கேன்சர் இருந்தது." வெட்கப்பட்டுப் பலர் இதைச் சொல்வதில்லை. பழைய கார்டையும் கொண்டு போங்கள்.

பெரிய ஆஸ்பத்திரியில் மூளைக்கும் முதுகெலும்புக்கும் எம்.ஆர்.ஐ. படம் எடுப்பார்கள். பிறகு முதுகில் ஊசி குத்தி அந்த நீரை எடுத்துச் சோதிப்பார்கள். இங்கேதான் நம்மவர்கள் கையெழுத்துப் போடாமல் வீடு திரும்பிவிடுகிறார்கள். "முதுகிலே ஊசி போட்டா காலு விழுந்துடும்" என்ற பேச்சு! முதுகுத் தண்டு இடுப்புக்கு மேலேயே முடிந்துவிடுகிறது. ஊசி அதற்குக் கீழே போகிறது. மூளையில் அழுத்தம் அதிகமிருந்தால் ஊசி ஆபத்து. அதனால்தான் படம் முதலில். ஊசிக்குப் பின் சில நாள் தலைவலி வரலாம். முதல் தடவை எடுத்த நீரில் அணு தெரியாமல் போவதும் உண்டு. மறுபடி எடுக்கச் சொன்னால் டாக்டர் அலைக்கழிக்கிறார் என்று நினைக்க வேண்டாம்.

வைத்தியத்தில் கதிர்வீச்சு உண்டு. மெதோட்ரெக்சேட் போன்ற மருந்தை அந்த நீரிலேயே விடுவதும் உண்டு. ஒவ்வொரு முறையும் முதுகில் குத்தாமல், தலைத்தோலுக்கு அடியில் சின்னக் குமிழ் வைத்து அதன் வழியே விடலாம். பாகிஸ்தானியரான டாக்டர் அயூப் ஒம்மாயா 1963-ல் வெளியிட்ட யோசனை இது. நுரையீரல் புற்றில் ஒரு வகைக்கு மாத்திரையே மூளை வரை எட்டுகிறது.

மறைக்காமல் சொல்கிறோம்: இப்படிப் பரவிய மார்பு, நுரையீரல் புற்று முழுதாகக் குணமாவது மிக அரிது. வைத்தியம் இல்லையென்றால் வாரக்கணக்கு. செய்தால் பலருக்கு மாதக்கணக்கு, சிலருக்கு அதற்கும் மேல். செயலிழந்த கால் திரும்புவது கடினம் என்பதால் நடமாட்டம் இருக்கும்போதே போக வேண்டும். உடம்பு தாங்காதவருக்கு வலியும் வாந்தியும் குறைய மருந்து கொடுப்பதும் வைத்தியம்தான். எது வேண்டும் என்று அக்காவிடமே கேளுங்கள். வாசலில் நின்று குசுகுசுவென்று பேசி நீங்களே முடிவு செய்துவிடாதீர்கள்.