இறுகிய கான்கிரீட்டில் எவ்வளவு சிமெண்டு?



தோட்டத்தில் பால் நிறுக்கும் இடத்தைச் சற்று நினைத்துக்கொள்ளுங்கள். வாளியில் இருக்கும் பால் வெள்ளை வெளேரென்று இருக்கிறது. அதில் ரப்பர் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று யாராவது பார்வையாலேயே சொல்லிவிட முடியுமா? முடியாது. அதனால்தான் மெட்ரோலாக் என்னும் மிதவைக் கருவியைப் பாலில் விட்டுப் பார்க்கிறார்கள். இல்லையென்றால் கொஞ்சம் பாலை அளந்தெடுத்து, ஆசிட் விட்டு உறைய வைத்து, உலர்த்தி நிறுக்கிறார்கள். காய்ந்த ரப்பரின் எடையை வைத்துத்தான் கணக்கு.

கான்கிரீட்டிலும் இதே கேள்வி எழுகிறது. தூணும் தரையும் இறுகிக் கல்லாகிவிட்ட பிறகு, அதற்குள் சிமெண்டு எத்தனை மூட்டை போனது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இதைத் தெரிந்துகொள்வது நமக்கு அவசியம். வேலையிலிருந்து ஓய்வு பெற்றுச் சேமநிதிப் பணத்தை எடுத்துச் சொந்த வீடு கட்டும் குடும்பங்கள் நம்மிடையே உண்டு. முப்பது, நாற்பது ஆண்டு உழைப்பு அந்த ஒரு வீட்டுக்குள் போய்விடுகிறது.

நம் வழக்கில் எல்லாவற்றையும் சிமெண்டு என்றே சொல்லிவிடுகிறோம். "சிமெண்டுத் தரை", "சிமெண்டுத் தூண்" என்கிறோம். உண்மையில் அது கான்கிரீட். கருங்கல் ஜல்லியும் மணலும்தான் அதில் பெரும்பகுதி. சிமெண்டு என்பது தண்ணீருடன் சேர்ந்து அவற்றை ஒட்டிப் பிடிக்கும் பசை. வீட்டு வேலையில் பலரும் சொல்லும் கலவை ஒன்றுக்கு இரண்டு, நான்கு; அதாவது ஒரு பங்கு சிமெண்டு, இரண்டு பங்கு மணல், நான்கு பங்கு ஜல்லி. இந்தக் கலவையில் ஒரு கன மீட்டர் கான்கிரீட்டுக்கு ஏறத்தாழ 300 கிலோ சிமெண்டு, அதாவது 50 கிலோ மூட்டை ஆறு தேவைப்படும். அதையே ஒன்றுக்கு மூன்று, ஆறு என்று கலந்தால் நான்கு மூட்டையும் கொஞ்சமும் போதும். பூச்சு வேலை முடிந்துவிட்டால் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். "கருமையாக இருக்கிறது, ஆகவே சிமெண்டு அதிகம்" என்று சிலர் சொல்வார்கள். அதை நம்ப வேண்டாம். நிறம் சிமெண்டின் வகையாலும் மணலாலும் ஈரத்தாலும் மாறக்கூடியது.

சரி, ஆய்வுக்கூடத்தில் என்ன செய்கிறார்கள்? இங்குதான் ஒரு வியப்பு இருக்கிறது. சிமெண்டில் முக்கியமாக இருப்பவை இரண்டு. ஒன்று, சுண்ணாம்புச் சத்து. வெற்றிலையில் தடவுகிறோமே, அந்தச் சுண்ணாம்பின் இனம்தான். சாதாரண போர்ட்லண்ட் சிமெண்டில் நூற்றுக்கு ஏறத்தாழ 64 பங்கு இது. மற்றொன்று சிலிக்கா, இது ஏறத்தாழ 20 பங்கு. மணலும் பெரும்பாலும் சிலிக்காதான். அப்படியானால் மணலின் சிலிக்காவையும் சிமெண்டின் சிலிக்காவையும் எப்படிப் பிரித்தறிவது என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி.

விடை சூளையில் இருக்கிறது. இங்கிலாந்தில் ஜோசப் ஆஸ்ப்டின் என்பவர் 1824இல் போர்ட்லண்ட் சிமெண்டுக்குக் காப்புரிமை பெற்றார். இன்றைய சிமெண்டைச் சுண்ணாம்புக் கல்லையும் களிமண்ணையும் சேர்த்து அரைத்து, 1,450 பாகை செல்சியஸ் அளவு வெப்பத்தில் சுட்டுத் தயாரிக்கிறார்கள். அந்த வெப்பத்தில் களிமண்ணில் இருந்த சிலிக்கா சுண்ணாம்போடு பிணைந்துவிடுகிறது. அப்படிப் பிணைந்த சிலிக்கா அமிலத்தில் கரையும். ஆற்று மணலில் இருக்கும் சிலிக்காவோ கரையாது. எத்தனை அமிலம் விட்டாலும் மணலாகவே அடியில் நிற்கும். கருங்கல் ஜல்லியும் அநேகமாக அப்படித்தான். ஆக, அமிலத்தில் கரைந்து வந்தது சிமெண்டு. கரையாமல் தங்கியது மணலும் கல்லும். சோதனைக்கு இதுவே அடிப்படை.

முதலில் கான்கிரீட்டைத் துளைத்தோ உடைத்தோ மாதிரி எடுக்கிறார்கள். ஒரு கிலோவுக்குக் குறையக்கூடாது. சிறு துண்டு எடுத்தால் அதில் ஒரு பெரிய ஜல்லி மட்டும் அகப்பட்டுக் கணக்கைக் கெடுத்துவிடும். எடுத்ததை 105 பாகை வெப்பத்தில் உலர்த்தி, நொறுக்கி, நன்றாகக் கலந்து குவிக்கிறார்கள். குவியலை நான்காகப் பிரித்து, எதிரெதிர்ப் பங்குகளை மட்டும் வைத்துக்கொண்டு மறுபடியும் நொறுக்குகிறார்கள். இப்படிப் பல முறை செய்து, கடைசியில் முகத்துக்குப் போடும் பவுடர்போல் நைசான தூளாக்குகிறார்கள். அதிலிருந்து சில கிராம் நிறுத்து, நீர் கலந்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைத்து வடிகட்டுகிறார்கள். வடிந்த நீரில் சுண்ணாம்புச் சத்து எவ்வளவு என்பதை, ஒரு மருந்து நீரைச் சொட்டுச் சொட்டாக விட்டு, நிறம் மாறும் நேரத்தைக் கவனித்துக் கண்டுபிடிக்கிறார்கள். சிலிக்காவைத் தனியாகப் பிரித்துச் சுட்டு நிறுக்கிறார்கள்.

இப்போது கணக்குப் போடுவோம். ஐந்தாம் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளும் கூடவே போடலாம். 100 கிராம் தூளில் 8.3 கிராம் சுண்ணாம்புச் சத்து வந்தது என்று வைத்துக்கொள்வோம். சிமெண்டில் அது 64 விழுக்காடு. 8.3ஐ 64ஆல் வகுத்து 100ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 13. ஆகவே கான்கிரீட்டில் நூற்றுக்கு 13 பங்கு சிமெண்டு. ஒரு கன மீட்டர் கான்கிரீட் 2,300 கிலோ எடை என்றால், அதில் 299 கிலோ சிமெண்டு. ஆறு மூட்டை, பேசியபடி போட்டிருக்கிறார்கள். சுண்ணாம்புச் சத்து 5.1 கிராம்தான் வந்தது என்றால்? சிமெண்டு 8 பங்கு, 184 கிலோ. நான்கு மூட்டைகூட இல்லை. சிலிக்காவை வைத்தும் இதேபோல் தனியாக ஒரு கணக்குப் போடுவார்கள். இரண்டு விடைகளும் நெருங்கி வந்தால் நம்பிக்கை பிறக்கிறது. விலகி நின்றால் காரணம் தேட வேண்டும்.

காரணம் பெரும்பாலும் கல்லில்தான் இருக்கும். நம் நாட்டில் ஈப்போ வட்டாரத்தில் சுண்ணாம்புக் குன்றுகளைப் பார்த்திருப்பீர்கள். அத்தகைய கல்லை ஜல்லியாகப் போட்டிருந்தால், அந்தக் கல்லும் அமிலத்தில் கரைந்து சுண்ணாம்புச் சத்தைக் கூட்டிக் காட்டும். கடல் மணலில் கலந்த கிளிஞ்சலும் அப்படியே. அப்போது சிலிக்காக் கணக்கையே நம்ப வேண்டியிருக்கும். இன்று மூட்டையில் வரும் சிமெண்டு பலவற்றில் நிலக்கரிச் சாம்பல், இரும்புக் கசடு, அரைத்த சுண்ணாம்புக் கல் ஆகியவற்றைச் சேர்த்தே விற்கிறார்கள். அது குற்றமன்று, தர விதிகள் அனுமதிப்பதுதான். ஆனால் கணக்குச் சிக்கலாகிறது. எல்லாம் சரியாக அமைந்தாலும், முடிவில் கன மீட்டருக்கு 30, 40 கிலோ முன்பின்னாக இருக்கலாம். ஆகவே 300க்குப் பதில் 280 வந்தது என்று குத்தகையாளரோடு சண்டைக்குப் போவது நியாயமில்லை. 180 வந்தால் கேட்க நமக்கு முழு உரிமை உண்டு.

எங்களுக்குத் தெரிந்த பால்மரத் தொழிலாளி ஒருவரின் புதுவீட்டில் முன்தூணைச் சாவியால் கீறினாலே மணல் உதிர்ந்தது. குத்தகையாளரோ, "தண்ணீர் ஊற்றி நனைக்காதது உங்கள் குற்றம்" என்றார். அதுவும் உண்மையாக இருக்கக்கூடிய காரணமே. மூன்று இடங்களில் மாதிரி எடுத்துச் சோதித்தார்கள். அறிக்கை ஆங்கிலத்தில் வந்ததால் படித்துச் சொல்லும்படி எங்களிடம் கொண்டு வந்தார்கள். மூன்றிலும் 200க்குக் கீழே இருந்தது. பேச்சு அத்தோடு நின்றது. தூண்களை அவர் தம் செலவில் மாற்றிக் கொடுத்தார். சோதனைக்குச் செலவான வெள்ளி அந்தக் குடும்பத்துக்குப் பெரிய தொகைதான்.

சிமெண்டு அளவு சரியாக இருந்தால் கட்டடம் உறுதி என்றும் எண்ணிவிடக்கூடாது. கலக்கும்போது தண்ணீர் கூடிப்போனால், சிமெண்டு போதிய அளவு இருந்தும் கான்கிரீட் பலமிழக்கும். அதற்கு, துளைத்தெடுத்த உருளையை அழுத்தி உடைத்துப் பார்க்கும் சோதனை வேறு. 1986 மார்ச் 15இல் சிங்கப்பூரில் நியூ வோர்ல்ட் ஹோட்டல் கட்டடம் இடிந்து 33 பேர் மாண்டனர். கட்டடத்தின் சொந்த எடையையே கணக்கில் சேர்க்காமல் தூண்களை வடிவமைத்ததுதான் முக்கியக் காரணம் என்று விசாரணையில் தெரிந்தது. அந்தப் பிழையை எந்த அமிலமும் காட்டிக் கொடுத்திருக்காது.

பால் உறைய வைக்கும் ஆசிட்டைத் தரையில் ஊற்றி நுரை வருகிறதா என்று வீட்டில் சோதித்துப் பார்க்காதீர்கள். சிமெண்டு குறைந்த கான்கிரீட்டும் நுரைக்கத்தான் செய்யும். கையும் தரையும் புண்ணாவதுதான் மிச்சம். சோதனை தேவைப்பட்டால் மலேசியத் தரத் துறையின் அங்கீகாரம் பெற்ற ஆய்வுக்கூடத்தை நாடுங்கள். மாதிரி எடுக்கும்போது குத்தகையாளரையும் உடன் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு இடத்தைப் பற்றித் தகராறு வராது.

வீடு கட்டும் நாளிலேயே செய்யக்கூடிய ஒரு காரியம் உண்டு. கலவை போடுவதற்கு முன் ஜல்லி, மணல், சிமெண்டு மூன்றிலும் இரண்டிரண்டு கிலோ எடுத்துத் தனித்தனியே பிளாஸ்டிக் பைகளில் கட்டி, தேதி எழுதி வையுங்கள். சிமெண்டுப் பையை மட்டும் காற்றுப் புகாமல் இறுகக் கட்ட வேண்டும். பிற்காலத்தில் ஆய்வுக்கூடத்தில் முதலில் கேட்பது இந்த மூன்றையும்தான். அவை கையில் இருந்தால், கல்லிலிருந்து கரைந்தது எவ்வளவு, சிமெண்டிலிருந்து கரைந்தது எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது அவர்களுக்கு எளிது. மூட்டைகள் இறங்கும்போது எத்தனை என்று பிள்ளைகளை எண்ணச் சொல்லி, ஒரு பழைய நோட்டுப் புத்தகத்தில் குறித்து வையுங்கள்.