பையிலே விளையுமா உருளைக்கிழங்கு?

2022ஆம் ஆண்டிலே நம் நாட்டில் உணவுப் பொருள்களின் விலை கட்டுக்கடங்காது ஏறியபோது, வீட்டுத்தோட்டம் என்னும் சொல் எல்லார் வாயிலும் நடமாடத் தொடங்கிற்று. வெள்ளிக்கிழமைகளில் வீட்டிலிருந்து பயிர் செய்யுமாறு அரசாங்க ஊழியருக்கு விடுமுறை கூட வழங்கப்பட்டது. அன்று தொட்டு மாணவரும் பெற்றோரும் நம்மிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்றுண்டு: "ஐயா, சாக்கிலே மண் நிரப்பி உருளைக்கிழங்கு நட்டால் முற்றத்திலேயே மூடை மூடையாகக் கிண்டியெடுக்கலாம் என்கிறார்களே, மெய்தானா?"

மன்னார்த் தீவின் பள்ளிமுனை போன்ற கடற்கரை ஊர்களில் இக்கேள்விக்குத் தனிப் பொருள் உண்டு. அங்கே வளவு சிறிது, மண்ணோ மணல், உவர்நீர்க் கிணறுகளுக்கும் குறைவில்லை. தரையிலே காய்கறி வைக்க இயலாத குடும்பம் பையிலாவது வைத்துப் பார்ப்போம் என்று எண்ணுவது இயல்பே. ஆயினும் விதைக்கும் எருவுக்கும் கைப்பணம் செலவாகுமுன், இச்செடியின் குணத்தைச் சற்று அறிந்துகொள்ளுதல் நன்று.

உருளைக்கிழங்கு வேர் அன்று, தண்டு. இதை வகுப்பிலே சொன்னால் நம்பாத மாணவர் பலர். கிழங்கின் மேலுள்ள 'கண்கள்' தண்டிலே காணப்படும் கணுக்களே. பள்ளிமுனைப் பிள்ளைகளுக்கு இதை விளக்க வேறு உதாரணம் தேட வேண்டியதில்லை. அவ்வூரிலே பத்தொன்பது மீற்றருக்கு மேற்பட்ட சுற்றளவோடு நிற்கும் பெருக்க மரத்தைக் காட்டினாற் போதும். ஆபிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட அம்மரத்தை அராபிய வணிகர் இங்கே கொண்டுவந்தனர் என்பது வழிவழி வந்த செய்தி. அது தன் தண்டிலே நீரைச் சேமித்துப் பருத்தது. உருளைக்கிழங்குச் செடியும் தண்டிலேதான் சேமிக்கின்றது. ஆனால் மண்ணுக்குள்ளே, மாப்பொருளாக. இதுவும் வந்தேறியே. தென்னமெரிக்காவின் அந்தீசு மலைகளிலே பிறந்து, பதினாறாம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஐரோப்பா சேர்ந்து, பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நுவரெலியாவிலே சாமுவேல் பேக்கரின் பண்ணையிற் பயிரானது.

மலையிற் பிறந்த செடி என்பதை மறந்துவிடலாகாது. இலைகள் பகலெல்லாம் வெயிலிலே சமைக்கும் சர்க்கரை இரவிலே கீழிறங்கிக் கிழங்காக வேண்டும். இரவு குளிர்ந்திருந்தால், அதாவது 15 முதல் 18 பாகை செல்சியசு வரை இருந்தால், அது செவ்வனே நடைபெறும். இரவும் வெப்பமாயிருந்தால் செடி தான் சேர்த்ததைத் தானே மூச்சுவிட்டுச் செலவழித்துவிடும். அதனினும் பெரிய இடையூறு வேறொன்று. 'கிழங்கு கட்டு' என்னும் ஆணையை இலையிலிருந்து மண்ணுக்குள் கொண்டு செல்வது ஒருவகைப் புரதம் என்று 2011இல் ஆய்வாளர் கண்டறிந்தனர். வெப்பம் மிகுந்தால் அப்புரதத்தின் உற்பத்தியே குன்றிவிடுகிறது. அப்பொழுது செடி தழைத்துச் செழித்து, பார்ப்பவர் கண்ணுக்கு விருந்தாக நிற்கும். பையைக் கவிழ்த்துப் பார்த்தாலோ கோலிக்குண்டு போல நாலு கிழங்கு!

அப்படியானால் வெப்பநாடாகிய வடக்கிலே இது விளையவே மாட்டாதா? விளையும் என்பதற்கு யாழ்ப்பாணமே சான்று. வலிகாமத்துச் செம்பாட்டு மண்ணில் கமக்காரர் கார்த்திகை, மார்கழியில் நட்டு மாசி, பங்குனியில் அகழ்ந்தெடுக்கின்றனர். 1970 முதல் 1977 வரை இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டிருந்த காலத்தில் மிளகாயும் வெங்காயமும் உருளைக்கிழங்கும் அவர்கள் வாழ்வை உயர்த்திய கதையை முதியோர் இன்றும் சொல்வர். அவர்கள் கண்ட சூட்சுமம் ஒன்றே: வாடைக்காற்று வீசும் அந்த மூன்று மாதத்தை நழுவவிடாமை.

பள்ளிமுனையின் நிலை இன்னும் சிறிது கடினம். சுற்றிலும் கடல் இருப்பதால் பகல் வெப்பம் இரவிலே எளிதில் இறங்குவதில்லை. தை மாதத்து இரவும் உருளைக்கிழங்கு விரும்பும் குளிரைத் தராது. பை மணற்குறையைத் தீர்க்கும். மாரி வெள்ளம் தேங்காமல் வடியவிடும். உவர் மண்ணிலிருந்து வேரைப் பிரித்து வைக்கும். இரவைக் குளிர்விக்க அதனால் இயலாது. ஆகவே மாரியிற் சிறு விளைச்சல் கிடைக்கலாம். சித்திரை வெயிலில் நடுவது வீண்செலவு என்பதே நமது துணிபு.

மூடை மூடையாக விளையும் என்னும் பேச்சைச் சிறு கணக்கினால் அளந்து பார்க்கலாம். இலங்கையில் வரிசைக்கு வரிசை 60 சென்ரிமீற்றரும் செடிக்குச் செடி 25 சென்ரிமீற்றரும் விட்டு நடுவர். அவ்வாறாயின் ஒரு ஹெக்டேரில் ஏறத்தாழ 66,000 செடிகள் நிற்கும். விளைச்சல் 15 தொன் அளவில் என்று கொண்டால், கைதேர்ந்த கமக்காரரின் தோட்டத்திலும் ஒரு செடிக்குக் கிடைப்பது கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவே! இரண்டு செடி நிற்கும் பையிலே அரைக் கிலோ கிடைத்தால் அது நல்ல விளைச்சல். பையை உயர்த்தி உயர்த்தி மண் போட்டால் அடி முதல் நுனி வரை அடுக்கடுக்காகக் கிழங்கு கட்டும் என்று சொல்வதும் மிகை. பெரும்பாலான இனங்கள் விதைக்கிழங்கை ஒட்டிய சிறு பகுதியிலேதான் காய்க்கும். மண் அணைப்பது வேறொரு காரணத்துக்காக. அதைப் பின்னர் சொல்வோம்.

இவ்வளவும் அறிந்த பின்னரும் ஆசை தணியாதவர்களுக்கு, சிறப்பாக மாணவர்களுக்கு, முறையைக் கூறுகிறோம். ஐம்பது கிலோ அரிசிச் சாக்கு ஒன்றை எடுத்து, அடியிலும் பக்கங்களிலும் பத்துப் பன்னிரண்டு துளை இட்டு, வாயைப் பாதிவரை சுருட்டி விடுக. வெண்ணிறச் சாக்கே நல்லது; கறுத்தப் பை வெயிலை வாங்கி மண்ணைச் சுடவைக்கும். மண் இரண்டு பங்கு, நன்கு உக்கிய மாட்டெரு ஒரு பங்கு, இலைமக்கு ஒரு பங்கு என்பது போதுமான கலவை. உக்காத பச்சை எரு கிழங்கை அழுகச் செய்யும். கடற்கரை மணலைச் சேர்ப்பதானால் மழையிலே பலமுறை கழுவுண்ட மணலாக இருக்க வேண்டும். இச்செடிக்கு உப்பு ஆகாது. நீரும் அவ்வாறே. மாரியிலே கூரைநீரைப் பீப்பாவிலே பிடித்து வைப்பவர் பாக்கியசாலிகள்.

விதைக்குக் கடையிலே கறிக்கு விற்கும் கிழங்கை வாங்காதிருத்தல் நலம். முளை விடாதிருக்க மருந்திடப்பட்டதாக அது இருக்கலாம். வாடல் நோயைச் சுமந்து வந்து வளவு மண்ணையே கெடுக்கவும் கூடும். அம்மண்ணிலே பின்னர் தக்காளியும் கத்தரியும் மிளகாயும் துன்பப்படும். எல்லாம் ஒரே குடும்பத்துச் செடிகள் அல்லவா? நம்பத்தகுந்த விதைக்கிழங்கை, கோழிமுட்டை அளவினதாக, வெட்டாமல் முழுதாக நடுக. சூடான ஈரமண்ணில் வெட்டுவாய் விரைவில் அழுகும். பைக்கு இரண்டு கிழங்கு, முளை மேல்நோக்க, பத்துச் சென்ரிமீற்றர் ஆழத்தில் வைத்து மூடுக.

செடி ஒரு சாண் வளர்ந்ததும் சாக்கின் சுருளைச் சிறிது விரித்து மண் அணைக்க வேண்டும். காரணம் இதுதான்: வெளிச்சம் பட்ட கிழங்கு பச்சையாகும், அதனோடு சொலனீன் என்னும் நஞ்சும் பெருகும். அவித்தாலும் அது நீங்காது. பச்சை படர்ந்த கிழங்கைக் குழந்தைகளுக்குக் கொடுத்தலாகாது.

பையைச் சீமெந்துத் தரையிலே வையாமல் இரண்டு செங்கல்லின் மேல் வைத்து, மேற்குப் பக்கத்தில் ஒரு கிடுகைச் சாய்த்து, மண்மேல் வைக்கோல் பரப்பினால் சூடு தணியும். மன்னார் வீதிகளிலே உலாவும் கழுதைகள் இவ்விலையைத் தின்னாவிட்டாலும் பையைத் தள்ளிவிட்டுப் போகும். கரையூர்களிலே பழைய வலைக்குப் பஞ்சமில்லை. அதை வளைத்துக் கட்டினால் அருமையான வேலி. மூன்று மாதமளவில் இலை பழுத்துச் சாயும். அதற்குப் பின் பத்து நாள் நீர் விடாமல் இருந்து பையைக் கவிழ்க்கலாம்.

கவிழ்த்த பை பங்குனியிலே வெறிதாகக் கிடக்க வேண்டுமா? அதிலேதான் வற்றாளைக் கொடியை நடவேண்டும். குடும்பத்தின் வயிற்றை நினைத்தால் உருளைக்கிழங்கைவிட வற்றாளையே பள்ளிமுனைக்கு ஏற்ற பயிர் என்று நாம் தயங்காது சொல்வோம். வற்றாளங்கிழங்கு மெய்யாகவே வேர்; வெப்பத்திலே பருப்பது; மணலை வெறுக்காதது. விதைக்குப் பணம் வேண்டியதில்லை. அயலவரிடம் ஒரு முழக் கொடித் துண்டுகள் இரண்டு மூன்று கேட்டு வாங்கி, பாதி கணுக்கள் மண்ணுள் இருக்குமாறு மாலை வேளையிலே படுக்க வைத்து நட்டால் ஒரு வாரத்திற் பற்றிக்கொள்ளும். எருவைக் கூட்டினால் கொடி ஓடுமேயன்றிக் கிழங்கு கட்டாது. முன்பயிருக்கு இட்ட எருவே போதும். இளந்தளிரை இடையிடையே கிள்ளிச் சுண்டலாம். நான்கு மாதமானதும் பையின் ஓரத்து மண்ணைக் கையால் விலக்கிப் பார்த்து, பருத்ததை மட்டும் முறித்தெடுத்துக்கொண்டு, மற்றவற்றை மீண்டும் மூடிவிடலாம்.